கரையேறிய பின்

புற்றுநோய் என்றதும் நம் நினைவுக்கு வருபவை மூன்று: அறுவை, கதிர், மருந்து. இம்மூன்றின் வரலாற்றையும் நீங்கள் எங்காவது படித்திருப்பீர்கள். ஆனால் நான்காவதாக ஒரு கட்டம் உண்டு. சிகிச்சை முடிந்து, "வீட்டுக்குப் போகலாம், மூன்று மாதம் கழித்து வந்து காட்டுங்கள்" என்று டாக்டர் சொன்ன மறுநாள் அது தொடங்குகிறது. ஊருக்குத் திரும்ப வேண்டும். வேலைக்குப் போக வேண்டும். மறுபரிசோதனைக்குப் பயணம் செய்ய வேண்டும். உடம்போ எழுந்திருக்க மறுக்கிறது. இந்த நான்காவது கட்டத்திற்கும் ஒரு வரலாறு உண்டா? உண்டு. மற்ற மூன்றையும் விட வயதில் இளைய வரலாறு அது. அதையே இங்கே பார்ப்போம்.

ஓர் ஊரை மனத்தில் வைத்துக்கொண்டு தொடங்குவோம். புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரையின் வடகோடியில், பாக் நீரிணையை ஒட்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது கட்டுமாவடி. மீன்பிடித் தொழிலும் மீன் சந்தையும் உள்ள ஊர். இங்கே வேலை என்றால் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் வேலை அன்று. படகு தள்ளுவது, வலை இழுப்பது, ஐஸ் பெட்டி தூக்குவது, மீன் கூடை சுமப்பது. சென்னையோ முந்நூற்றைம்பது கிலோமீட்டருக்கு அப்பால். இப்படிப்பட்ட ஊரில் ஒருவர் புற்றுநோய்ச் சிகிச்சை முடித்துத் திரும்பினால் என்ன ஆகும்? இந்தக் கேள்வியை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

புதுக்கோட்டையில் பிறந்த ஒரு பெண்

தமிழ்நாட்டுப் புற்றுநோய்ச் சிகிச்சையின் வரலாற்றில் புதுக்கோட்டைக்குத் தனி இடம் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் அங்கேதான் பிறந்தார். அப்போது புதுக்கோட்டை ஒரு சமஸ்தானம். அதற்குக் கடற்கரை கிடையாது. 1974-ஆம் ஆண்டு புதுக்கோட்டை மாவட்டம் உருவானபோது தஞ்சை மாவட்டத்தின் சில பகுதிகள் அதனுடன் சேர்க்கப்பட்டதால்தான் கட்டுமாவடிக் கரை இந்த மாவட்டத்திற்குக் கிடைத்தது.

பெண்கள் கல்லூரிக்குப் போகாத அக்காலத்தில், மன்னரின் அனுமதியுடன் ஆண்கள் கல்லூரியில் சேர்ந்து படித்தார் முத்துலட்சுமி. 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னாளில் அவருடைய தங்கை மலக்குடல் புற்றுநோயால் இளம் வயதிலேயே இறந்தார். முதலில் அது சீதபேதி என்றே கருதப்பட்டது. அந்த இழப்பு அவர் மனத்தில் ஓர் உறுதியை விதைத்தது. 1935-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், புற்றுநோய்க்கென்று ஒரு மருத்துவமனை வேண்டும் என்ற தம் விருப்பத்தை வெளியிட்டார். 1952-இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் நாள், 12 படுக்கைகளுடன் அடையாறு புற்றுநோய் நிலையம் திறக்கப்பட்டது. முத்துலட்சுமியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அங்கே பணியாற்றினார். 1955-இல் டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார். 2021-இல் மறையும் வரை அந்த நிலையமே அவர் வாழ்வாக இருந்தது.

1957-இல் நம் நாட்டின் முதல் கோபால்ட்-60 கருவி அங்கே நிறுவப்பட்டது. அதற்கு முன்பிருந்த எக்ஸ்-கதிர்க் கருவிகள் உள்ளே இருக்கும் கட்டியை எட்டுவதற்குள் மேல்தோலைப் பொசுக்கிவிடும். கோபால்ட் வெளியிடும் காமாக் கதிரோ தோலை ஓரளவு விட்டுவிட்டு ஆழத்தில் வேலை செய்யும். கோபால்ட்-60 ஏறத்தாழ ஐந்தேகால் ஆண்டில் தன் வீரியத்தில் பாதியை இழக்கும் என்பதையும் இங்கே அறிந்துகொள்ளுங்கள். கருவியிலுள்ள கோபால்ட் பழசாக ஆக, அதே அளவு கதிரைப் பெற நோயாளர் கூடுதல் நேரம் படுத்திருக்க வேண்டும்.

மருந்தின் கதையிலும் சென்னைக்குப் பங்கு உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்றவர் எல்லாப்பிரகத சுப்பாராவ். அவர் வழிகாட்டிய குழு உருவாக்கிய ஃபோலிக் அமில எதிர்ப்பு மருந்தைக் கொண்டு, பாஸ்டன் நகரில் டாக்டர் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குச் சிகிச்சை அளித்து, 1948-இல் முடிவை வெளியிட்டார். நோய் தற்காலிகமாக அடங்கியது. 1958 முதல் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து இரண்டு மருந்துகள் பிரிக்கப்பட்டன. நம் கடற்கரை மணலில் யாரும் நடாமலே பூத்து நிற்கிறதே, அதே செடிதான்!

பிழைத்தவர் கொடுத்த விலை

ஆக, 1950-களுக்குப் பின் பிழைப்பவர்கள் பெருகினார்கள். ஆனால் ஒவ்வொரு சிகிச்சையும் உடம்பிடம் ஒரு விலையை வாங்கிக்கொண்டது. அந்த விலை, உழைக்கிறவருக்கு ஒரு மாதிரியும் உட்கார்ந்திருப்பவருக்கு வேறு மாதிரியும் தெரியும்.

வாய்ப் புற்றுநோயை எடுத்துக்கொள்வோம். புகையிலை மெல்லும் நம் நாட்டில் இது மிகுதி. நோய் கழுத்திலுள்ள நிணநீர்க் கணுக்களுக்குப் பரவும் என்பதால் அவற்றையும் சேர்த்து அகற்றுவார்கள். 1906-இல் அமெரிக்க டாக்டர் ஜார்ஜ் கிரைல் விளக்கிய இந்த அறுவையில், தோளைத் தூக்கும் தசைக்குச் செல்லும் நரம்பும் வெட்டப்பட்டுவிடும். பிறகு தோள் தொங்கும். கையைத் தலைக்கு மேல் உயர்த்த முடியாது. குமாஸ்தா ஒருவர் எப்படியோ சமாளிப்பார். வலை இழுப்பவர் என்ன செய்வார்? 1960-களில் அர்ஜென்டினா நாட்டு டாக்டர் ஓஸ்வால்டோ சுவாரெஸ் அந்த நரம்பைக் காப்பாற்றும் முறையை எடுத்துரைத்த பிறகே நிலைமை மெல்ல மாறியது.

மார்பகப் புற்றுநோய்க்கு அக்குளின் நிணநீர்க் கணுக்களை அகற்றினால், சிலருக்குக் கை வீங்கும். நிணநீர் வடிய வழியில்லாமல் தேங்குவதே காரணம். நித்தியகல்யாணி தந்த வின்கிரிஸ்டின் மருந்தோ விரல் நுனிகளை மரத்துப்போகச் செய்யக்கூடும். கிழிந்த வலையின் கண்களை விரலால் தேடிச் சரிசெய்கிறவருக்கு இது சிறிய குறையா?

இவை எல்லாவற்றையும் விடப் பரவலானது சோர்வு. உழைத்துக் களைத்தவர் தூங்கி எழுந்தால் களைப்பு நீங்கிவிடும். இந்தச் சோர்வு தூங்கினாலும் போவதில்லை. முன்னறிவிப்பின்றி வரும், செய்த வேலைக்கும் அதற்கும் பொருத்தமே இராது. மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 1,957 பெண்களை அமெரிக்காவில் ஆராய்ந்து, ஜூலியன் பவர் என்ற ஆய்வாளரும் குழுவினரும் 2000-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். நோய் கண்டறியப்பட்டு ஓராண்டிலிருந்து ஐந்தாண்டு வரை ஆன அப்பெண்களில், ஏறத்தாழ மூன்றில் ஒருவர் கடும் சோர்வைத் தெரிவித்தார்!

இதற்குக் காரணம் என்ன? ஒன்றல்ல, பல. சிவப்பணுக்கள் குறைந்து ரத்தசோகை வந்திருக்கலாம். கழுத்தில் கதிர் பட்டவருக்குத் தைராய்டுச் சுரப்பி மந்தமாகியிருக்கலாம். தூக்கமின்மை, வலி, மனக்கலக்கம் சேரலாம். உடம்பின் எதிர்ப்பு மண்டலம் போர் முடிந்த பின்னும் அடங்காமல், அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரந்துகொண்டே இருப்பதும் ஒரு காரணம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. காய்ச்சல் நாளில் நம் உடம்பு அடித்துப்போட்டது போல் கிடக்கிறதே, அதே வகைப் பொருள்களின் வேலைதான்.

ஆகவே ஒன்றை அழுத்தமாகச் சொல்லலாம். இந்தச் சோர்வு சோம்பல் அன்று. நோய் மீண்டும் வந்துவிட்டது என்பதற்கு இது மட்டுமே அறிகுறியும் அன்று.

"அலையாதே, படுத்துக்கொள்"

நம் மொழியில் அலைச்சல் என்றொரு சொல் இருக்கிறது. பயணம், வேலை, அவற்றால் வரும் களைப்பு மூன்றையும் சேர்த்துச் சொல்லும் சொல். நோயிலிருந்து மீண்டவருக்கு வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் முதல் அறிவுரை, "அலைச்சல் கூடாது" என்பதே. டாக்டர்களும் நெடுங்காலம் அதையே சொன்னார்கள்.

இந்த அச்சத்திற்கு வலுவூட்டிய நிகழ்ச்சி ஒன்று நம் நாட்டில் நடந்தது. முதலமைச்சர் அண்ணாதுரைக்கு உணவுக்குழலில் புற்றுநோய் என்று தெரிந்து, 1968 செப்டம்பரில் நியூயார்க் நகரில் அறுவை செய்யப்பட்டது. நவம்பரில் சென்னை திரும்பியவர் மீண்டும் பணியில் இறங்கினார். 1969 ஜனவரி 14-இல், சென்னை மாநிலம் தமிழ்நாடு என்று பெயர் மாறிய அதே நாளில், கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் சிலையைத் திறந்துவைத்தார். பிப்ரவரி 3-இல் மறைந்தார். ஓய்வெடுத்திருந்தால் பிழைத்திருப்பாரே என்று வருந்தியவர்கள் ஏராளம். ஆனால் அவரை வீழ்த்தியது நோய்; வேலை அன்று. அவர் நினைவாக அதே ஆண்டில் காஞ்சிபுரத்தில் அரசு புற்றுநோய் மருத்துவமனை ஒன்று எழுந்தது.

ஓய்வே மருந்து என்ற நம்பிக்கையை அசைத்த சோதனை, புற்றுநோயோடு தொடர்பே இல்லாத இடத்தில் நடந்தது. 1966-இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் நலமுள்ள இளைஞர் ஐவரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்தார்கள். முடிவில், உடல் உழைப்பின்போது அவர்கள் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவு நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரையும் தேடிப்பிடித்துச் சோதித்தார்கள். முப்பது ஆண்டு முதுமை அவர்களிடமிருந்து பறித்தது, மூன்று வாரப் படுக்கை பறித்ததை விடக் குறைவாகவே இருந்தது! படுத்தே கிடந்தால் இதயமும் தசையும் மேலும் தளரும். தளர்ந்தால் சோர்வு கூடும். சோர்வு கூடினால் மேலும் படுக்கத் தோன்றும். சிகிச்சை முடித்தவர் இந்தச் சுழலில்தான் சிக்கிக்கொள்கிறார்.

1980-களில் ஓஹியோ மாநிலத்துச் செவிலியர்–ஆய்வாளர்களான மேரி மெக்விகார், மேரில் வின்னிங்ஹம் முதலானோர் ஒரு துணிச்சலான முயற்சி செய்தார்கள். மருந்துச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்த பெண்களையே நிலைச் சைக்கிளை மிதிக்கச் செய்தார்கள். வாரம் மூன்று முறை, பத்து வாரம். உடல்திறன் குறையவில்லை, கூடியது. 1989-இல் வெளியான இந்த முடிவுக்குப் பின், ஜெர்மனியிலும் பிற நாடுகளிலும் ஆய்வுகள் தொடர்ந்தன. 2010-இல் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி கூட்டிய வல்லுநர் குழு, புற்றுநோயிலிருந்து மீண்டவர் சும்மா இருப்பதைத் தவிர்க்க வேண்டும் என்று வெளிப்படையாகவே அறிவித்தது. 2019-இல் அளவையும் சொன்னார்கள்: வாரம் மூன்று நாள், முறைக்கு 30 நிமிடம், நடை போன்ற மிதமான பயிற்சி செய்தால் சோர்வு குறைகிறது.

படகு ஓட்டிய பெண்கள்

நான்காவது கட்டத்திற்குப் பெயர் வைத்தவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். டாக்டர் ஃபிட்ஸ்ஹியூ முல்லன் 1975-இல், 32 வயதில், தம் நெஞ்சு எக்ஸ்-கதிர்ப் படத்தில் தாமே ஒரு கட்டியைக் கண்டார். அது புற்றுநோய். நீண்ட சிகிச்சைக்குப் பின் பிழைத்தார். 1985-இல் அவர் எழுதிய கட்டுரை மருத்துவ உலகின் கண்ணைத் திறந்தது. சிகிச்சைக் காலம், கண்காணிப்புக் காலம், நிலையான வாழ்வு என்று மூன்று பருவங்களாக அவர் பிரித்தார். மருத்துவம் முதல் பருவத்தை மட்டுமே கவனிக்கிறது என்பது அவர் குற்றச்சாட்டு. மூழ்குபவரைக் காப்பாற்ற அரிய கருவிகளைச் செய்துவிட்டு, கரையில் இழுத்துப் போட்டபின் அவரைத் தனியே இருமவும் திணறவும் விட்டுவிடுவது போன்றது இது என்று ஓர் உவமை சொன்னார். கடலோரத்தில் வாழ்கிறவர்களுக்கு இந்த உவமையை விளக்கவும் வேண்டுமோ?

அவர் நோய்க்குப் பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து 2019-இல் மறைந்தார்.

கரையிலிருந்து மீண்டும் கடலுக்கே போன பெண்களும் உண்டு. மார்பக அறுவை ஆனவர் அந்தக் கையால் பளு தூக்கக்கூடாது, திரும்பத் திரும்ப இயக்கக்கூடாது, கை வீங்கிவிடும் என்பது பழைய விதி. கனடாவின் வான்கூவர் நகரில் டாக்டர் டான் மெக்கன்சி 1996-இல் இதைச் சோதிக்க நினைத்தார். மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 24 பெண்களைச் சிறிது சிறிதாகப் பழக்கி, சீன முறை நீண்ட படகில் துடுப்புப் போடச் செய்தார். எவருக்கும் புதிதாகக் கைவீக்கம் வரவில்லை. அந்தப் படகுக் குழு உலகெங்கும் பல குழுக்களுக்கு முன்மாதிரி ஆயிற்று. பின்னர் 2009-இல் அமெரிக்காவில் கேத்ரின் ஷ்மிட்ஸ் குழுவினர், ஏற்கெனவே கைவீக்கம் உள்ள 141 பெண்களிடம் முறையான சோதனை நடத்தினர். மேற்பார்வையில், சிறு எடையில் தொடங்கி மெல்லக் கூட்டிய பளுப் பயிற்சியால் வீக்கம் மோசமாகவில்லை என்று தெரிந்தது.

மீன் கூடை சுமக்கும் பெண்ணுக்கு இதில் செய்தி இருக்கிறது. அவர் தொழில் முடிந்துபோகவில்லை. ஆனால் முதல் நாளே முழுக் கூடை கூடாது. கால் கூடை, அரைக் கூடை என்று வாரக்கணக்கில் ஏற வேண்டும்.

வேலையும் பயணமும்

உடம்பு ஒத்துழைத்தாலும் உலகம் ஒத்துழைக்க வேண்டுமே! 2009-இல் 36 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, புற்றுநோயிலிருந்து மீண்டவர்களில் 100-க்கு 34 பேர் வேலையின்றி இருந்தனர். நோய் வராதவர்களில் 15 பேர். பெரும்பாலும் மேலை நாட்டுக் கணக்கு இது. சம்பளத்துடன் விடுப்பு என்ற பேச்சே இல்லாத நம் மீனவருக்கும் கூலியாளுக்கும் சுமை இன்னும் கூடுதல். 2012-இல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைச் செலவைப் பார்த்துக்கொள்கிறது. இழந்த கூலியை அது ஈடுசெய்வதில்லை. எனவே கடன்காரர் வீட்டு வாசலில் நிற்கும்போது, "மெல்ல வேலைக்குப் போங்கள்" என்ற அறிவுரை காதில் ஏறாது. முழு நாள் கடலுக்குப் போக முடியாதவருக்குக் கரையில் வலை வேலை, எடை போடும் வேலை, கணக்கு எழுதும் வேலை என்று சில மாதங்களுக்கு ஏற்பாடு செய்துதருவது ஊராரும் படகு உரிமையாளரும் செய்யக்கூடிய உதவி. அது தர்மம் அன்று. தேர்ந்த தொழிலாளி ஒருவரை இழக்காமல் காத்துக்கொள்ளும் வழி.

பயணத்திற்கு ஒரு வசதி இருப்பதைப் பலர் அறியார். சிகிச்சைக்கோ மறுபரிசோதனைக்கோ ரயிலில் செல்லும் புற்றுநோயாளருக்குப் படுக்கை வகுப்பில் முழுக் கட்டணமும் தள்ளுபடி. துணைக்கு ஒருவர் சென்றால் அவருக்கு நூற்றுக்கு எழுபத்தைந்து தள்ளுபடி. மருத்துவமனை தரும் சான்றிதழைக் காட்ட வேண்டும். இரவு முழுதும் பஸ்ஸில் உட்கார்ந்து போவதை விடப் படுத்துக்கொண்டு போவது எவ்வளவோ மேல். கட்டுமாவடிக்காரருக்குப் பேராவூரணியும் அறந்தாங்கியும் அருகிலுள்ள ரயில் நிலையங்கள். பரிசோதனைக்கு முன்தினமே போய்ச் சேருவதும், திரும்பிய மறுநாள் கடின வேலை வைத்துக்கொள்ளாமல் இருப்பதும் நல்லது. வாய், கழுத்துப் பகுதியில் கதிர் பட்டவருக்கு உமிழ்நீர் குறைந்திருக்கும். கையில் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். சிகிச்சை விவரக் காகிதங்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுசெல்ல வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியது

உங்கள் வீட்டிலோ தெருவிலோ இப்படி ஒருவர் இருந்தால் நினைவில் வையுங்கள்:

முதலாவது, சோர்வை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லச் செய்யுங்கள். ரத்தசோகையும் தைராய்டுக் குறையும் எளிய ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், மருந்தும் உண்டு.

இரண்டாவது, நாளின் எந்த நேரத்தில் உடம்பு தெம்பாக இருக்கிறது என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். முக்கியமான வேலையை அந்த நேரத்திற்கு வையுங்கள்.

மூன்றாவது, நடை. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, பத்து நிமிடத்தில் தொடங்கி மெல்லக் கூட்டலாம். எலும்பில் நோய் பரவியவர், இதயம் தளர்ந்தவர், ரத்த அணுக்கள் மிகக் குறைந்தவர் ஆகியோருக்கு அளவு வேறு.

நான்காவது, நன்றாக இருக்கும் ஒரு நாளில் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்யவேண்டாம். அடுத்த மூன்று நாள் படுக்கையில் கழியும்.

ஐந்தாவது, புதிய கட்டி, ரத்தக் கசிவு, காய்ச்சல், மூச்சுத் திணறல், காரணமில்லாமல் எடை குறைதல் ஆகியவற்றைச் சோர்வோடு சேர்த்துப் பொறுத்துக்கொள்ளக் கூடாது. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

முத்துலட்சுமி ரெட்டியின் தலைமுறை, புற்றுநோய்க்குச் சிகிச்சை உண்டு என்று மக்களை நம்பவைக்கப் போராடியது. அந்தப் போராட்டம் பெருமளவு வென்றதால்தான் இன்று இந்த அடுத்த கேள்வியே எழுந்திருக்கிறது. நோயிலிருந்து மீண்டு, முன்போல் ஓடியாட முடியாமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து, "இன்னுமா களைப்பு?" என்று கேட்காதீர்கள். "வாருங்கள், சந்தை வரை நடந்துவிட்டு வருவோம்" என்று கூப்பிடுங்கள். நாற்பது ஆண்டு ஆராய்ச்சி காட்டிய வழி அதுதான்.